வியாழக்கிழமை டப்பா

உலகம் அழிந்த பிறகு என்ன மிஞ்சும் என்று மேடம் வகுப்பில் கேட்டதற்கு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கரப்பான்பூச்சி என்றான் ஒருவன். பிளாஸ்டிக் பை என்றாள் ஒருத்தி. எங்க மாமாவோட ஸ்கூட்டர், அதுக்கு மட்டும் சாவே கிடையாது என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது, வகுப்பே சிரித்தது. சின்னவள் சிரிக்கவில்லை. "ஃப்ரிட்ஜ்" என்றாள்.

மேடம் மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, "ஏன்?" என்றார்.

"கரண்டே இல்லாத ஊர்ல ஒருத்தன் ஃப்ரிட்ஜைத் திறக்கிறான், மேடம். உள்ளே லைட் எரியுது. அவ்வளவுதான். டைட்டில்."

வகுப்பு கொஞ்சம் அடங்கிப்போனது. சும்மா சொல்லக் கூடாது, பொண்ணுக்கு மூளை உண்டு. அப்போதைக்கு அவளிடம் மூளை மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் நின்றுபோயிருந்தது என்பது வேறு விஷயம்.

வீட்டுக்கு இளைய பெண் அவள், சினிமாப் படிப்பில் இரண்டாம் வருஷம். உலகம் அழிந்த பிறகு நடக்கிற பேய்ப்படம் ஒன்றுக்கு முதல் இரண்டு நிமிஷத்தை மட்டும் எடுத்துக் காட்ட வேண்டும் என்பது அந்தப் பருவத்து வேலை. அந்த வகைப் படங்களுக்கென்றே வழக்கமான சங்கதிகள் சில இருக்கின்றன அல்லவா? ஆளில்லாத தெரு, நின்றுபோன கடிகாரம், கிழிக்காத காலண்டர், தூசியில் காலடித் தடம், தாடியும் மீசையுமாகத் தனியாக ஒருத்தன். இதையெல்லாம் எங்கே, எதற்காக வைத்தோம் என்று விளக்கமும் சொல்ல வேண்டும். "ஜனங்களுக்குப் பழகினதையே காட்டு. ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்தி வை. பயம் அங்கதான் வரும்" என்பது மேடத்தின் தாரக மந்திரம்.

குழு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. கேமராவும் டைரக்‌ஷனும் சின்னவள். ஒலிப்பதிவு மைக்கு. அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் கல்லூரிக்கு வந்த முதல் நாளே கழுத்தில் ஹெட்போனோடு வந்து நின்றவனை யார் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்? நடிப்பதற்கு ஒப்புக்கொண்ட மூன்றாவது ஆசாமி ஷூட்டிங் அன்று காலையில் வயிற்றுவலி என்று செய்தி அனுப்பினான். அவன் நடித்ததிலேயே நன்றாக நடித்தது அந்தச் செய்தியில்தான்.

"இப்ப என்ன பண்றது?" என்றான் மைக்கு. சின்னவள் வீட்டுக் கூடத்தில் மூட்டை முடிச்சோடு நின்றுகொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய அப்பா குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு வார விடுமுறை. கத்தி படாமல் தொங்குகிற தாடி, ஒட்டிப்போன கன்னம், யாருடையதோ மாதிரி தொளதொளக்கிற தன்னுடைய சட்டை. மைக்கு அவரைப் பார்த்தான், சின்னவளைப் பார்த்தான், மறுபடியும் அவரைப் பார்த்தான்.

"மேக்கப்பே வேணாம்" என்று முணுமுணுத்தான். முணுமுணுத்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கடித்து என்ன பிரயோஜனம், உள்ளதைத்தானே சொன்னான். அந்த வீட்டுக்கு செட்டும் வேண்டியிருக்கவில்லை. சுவர்க்கடிகாரம் எப்போதோ நின்றுவிட்டது, பேட்டரி மாற்ற ஆளில்லை. காலண்டர் போன வருஷத்தின் கடைசி மாசத்திலேயே இருந்தது. பால்கனித் தொட்டிகளில் செடிகள் வெறும் குச்சியாக நின்றன. மேடம் கேட்ட சங்கதிகள் அத்தனையும் ஒன்றுவிடாமல் அங்கே தயாராக இருந்தன. மைக்கு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பேசாமல் ஒயரைப் பிரிக்க ஆரம்பித்தான். நல்ல பையன்தான், வாய் மட்டும் கொஞ்சம் முன்னால் ஓடும்.

அம்மா போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் எதையும் நகர்த்தவில்லை, அதுதான் காரணம். அம்மா ஒரு லாண்டரியில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிப் போர்வை, ஓட்டல் மேசைவிரிப்பு என்று மலை மலையாக வரும். ஒரு புதன்கிழமை சாயங்காலம் இடைவேளையில் டீ குடித்துக்கொண்டிருந்தவள், டம்ளரை ஒழுங்காகக் கீழே வைத்தாள், பிறகு தானும் சாய்ந்துவிட்டாள். தலையில் ஏதோ குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். டம்ளர் கூட உடையவில்லையாம். கூட வேலை பார்த்தவர்கள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்மா வாரம் முழுவதற்கும் சமைத்துவிடுவாள். "ஆறு நாள் ஊரார் அழுக்கைத் துவைக்கிறேன். வந்து அடுப்படியிலயும் நின்னு வேக என்னால ஆகாது, சாமி." ஆறு டப்பா. ஒவ்வொரு மூடியிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, திங்கள், செவ்வாய், புதன் என்று எழுதி ஃப்ரீசரில் அடுக்குவாள். இதில் அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "ஒருதடவை இளகினதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. அன்னிக்கே தின்னு தீர்த்துடணும்." இந்தச் சட்டத்துக்கு அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

புதன்கிழமையோடு அவள் கதை முடிந்தது. ஃப்ரீசரில் மூன்று டப்பா மிச்சம். ஊரும் உறவும் கூடி நின்ற களேபரத்தில் அக்கா தெரியாத்தனமாக வெள்ளிக்கிழமையையும் சனிக்கிழமையையும் சூடு பண்ணி வந்தவர்களுக்குப் போட்டுவிட்டாள். வியாழக்கிழமையைக் கையில் எடுத்தபோது அப்பா வந்தார். அவள் கையிலிருந்து டப்பாவை வாங்கி, எடுத்த இடத்திலேயே வைத்து, கதவைச் சாத்தினார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஃப்ரீசரைத் திறப்பார். மூடியில் படிந்திருக்கும் பனியைக் கட்டைவிரலால் துடைப்பார். 'வியாழன்' என்ற அம்மாவின் எழுத்து தெரியும். பார்ப்பார், மூடுவார், செருப்பை மாட்டிக்கொண்டு போவார். சாமி கும்பிடுகிறவர் கூட இவ்வளவு ஒழுங்காகக் கும்பிட மாட்டார். அந்த டப்பா மட்டும் இல்லையென்றால் மனுஷன் காலையில் எழுந்திருப்பாரா என்பதே சின்னவளுக்குச் சந்தேகம். அது அவளுக்கு உள்ளுக்குள் ஓயாத பயம்.

அப்பா அழவில்லை. அவளும் அழவில்லை. அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது சுற்றிலும் எல்லோரும் அழுதார்கள், அவளோ ஜன்னலில் யாரோ வைத்த டம்ளர் எப்படி மேசைக்கு வந்தது, முந்தைய ஷாட்டோடு அடுத்த ஷாட் ஒட்டாதே என்று கவனித்துக்கொண்டிருந்தாள். சீ, நீயெல்லாம் ஒரு பொண்ணா என்று தன்னையே திட்டிப் பார்த்தாள். திட்டும் உறைக்கவில்லை. கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் அக்கா தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள். "அப்பா சாப்பிட்டாரா? அழுதாரா?" "சாப்பிட்டார். அழல." "நீ?" "ம்ஹூம்." அப்புறம் அக்கா மூன்று பேருக்கும் சேர்த்து அழுவாள். சின்னவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அது முடியும் வரை காத்திருப்பாள்.

சரி, ஷூட்டிங்குக்கு வருவோம்.

"அப்பா, ரெண்டு நிமிஷம் நடிக்கணும்."

"என்ன பண்ணணும்?"

"சமையலறைக்குள்ள வரணும். சுத்திமுத்திப் பார்க்கணும். ஃப்ரிட்ஜ் முன்னாடி போய் நிக்கணும்."

"அவ்வளவுதானே. தினமும் பண்றதுதான்" என்றார் அப்பா.

சின்னவள் மைதா மாவைச் சல்லடையில் போட்டுச் சமையலறைத் தரை முழுவதும் சலித்தாள். மேடை மேலும் ஒரு கை தூவினாள். அசல் தூசி தோற்றது. மைக்கு அதற்குள் வீட்டில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் தட்டியும் திறந்தும் என்ன சத்தம் வருகிறது என்று சோதித்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மேசையில் இருந்த சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தான். மூடி இறுக்கம். இழுத்தான். டொக்.

அப்பா சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அது உப்பு டப்பா. அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதை அம்மா வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். சமையலில் உப்பு பாதிதான் விழும். அப்பா திருட்டுத்தனமாக டப்பாவைத் திறப்பார். டொக் என்று கேட்டதும் அடுப்படியில் முதுகைக் காட்டி நிற்கிற அம்மா திரும்பாமலே, "கையை எடுங்க" என்பாள். "சேச்சே, மூடி சரியா இருக்கான்னு பார்த்தேன்" என்பார் அப்பா. தினப்படி இந்த நாடகம் நடந்தது. வசனம் ஒருநாளும் மாறியதில்லை. அம்மா போன பிறகு அந்த டப்பாவை யாரும் திறக்கவில்லை. கடைச் சாப்பாட்டில்தான் உப்பு கொட்டிக் கிடக்கிறதே.

"நல்ல சத்தம்" என்று மைக்கு மூடியை அழுத்தி மூடினான். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒத்திகை முடிந்தது. மைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையை உயர்த்தினான். "ஃப்ரிட்ஜ் இரையுது. கரண்டே இல்லாத ஊர்ல ஃப்ரிட்ஜ் இரைஞ்சா சிரிப்பாங்க. அணைக்கணும்."

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம்தான்ப்பா. டேக் முடிஞ்சதும் போட்டுடலாம்."

"பத்து நிமிஷம்தானே?"

"ஆமாப்பா."

அணைத்த ஃப்ரிட்ஜை மறக்காமல் இருக்க ஒலிப்பதிவுக்காரர்களிடம் ஒரு வித்தை உண்டு, சீனியர்கள் சொல்லிக் கொடுப்பது. வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது, சாவியைத் தேடும்போது ஃப்ரிட்ஜ் ஞாபகம் வரும். பிசகாத வித்தை. சின்னவள் தன் சாவிக்கொத்தைப் பால் வைக்கிற தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். சுவிட்சை அணைத்தாள்.

அப்பா உள்ளே வந்தார். மாவில் காலடி பதிந்தது. சுற்றிலும் பார்த்தார். நடிக்கிறார் என்றே சொல்ல முடியாது, காணாமல்போன எதையோ பழகின இடத்தில் தேடுகிற மாதிரி இருந்தது. ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றார். கையை வைத்தார். கட். விளக்கு எரிகிற ஷாட்டை மட்டும் மறுநாள் எடுப்பதாக ஏற்பாடு, அதற்குக் கல்லூரியிலிருந்து ஒரு குட்டி விளக்கு வர வேண்டும்.

"யாரும் அசையாதீங்க, அறையோட சத்தத்தை மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துக்கறேன்" என்றான் மைக்கு. அதுவும் அவர்கள் வழக்கம். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப, ஆளில்லாத அறையின் அமைதியைத் தனியாகப் பதிவு செய்துகொள்வார்கள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். அந்த வீடு இத்தனை அமைதியானது என்பது சின்னவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இத்தனை நாளா அதுதான் இரைஞ்சுக்கிட்டு இருந்துதா?" என்றார் அப்பா, பதிவு முடிந்ததும்.

பதில் சொல்ல நேரமில்லை. மைக்கு ஜன்னலைப் பார்த்துவிட்டு, "ஐயோ, வெயில் இறங்குது! தெரு ஷாட்!" என்று கத்தினான். பின்சந்தில் கடைகளெல்லாம் ஷட்டர் இறக்கியிருக்கும் வெள்ளிக்கிழமை, அந்த மஞ்சள் வெளிச்சம் போனால் இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். கேமராவைத் தூக்கிக்கொண்டு படியில் தடதடவென்று ஓடினார்கள். சின்னவள் பாதிப் படியிலிருந்து திரும்பிக் கத்தினாள். "அப்பா! சமையலறைக்குள்ள போயிடாதீங்க! காலடித் தடம் அப்படியே இருக்கணும், நாளைக்கும் எடுக்கணும்! ஒண்ணையும் தொடாதீங்க!"

"சரிம்மா" என்றார் அப்பா.

பிசகாத வித்தை பிசகியது இப்படித்தான். அப்பா வீட்டில் இருந்ததால் கதவைப் பூட்டத் தேவையில்லை. திரும்பி வந்தபோது அவரே திறந்துவிட்டார், அதனால் சாவியைத் தேடவும் தேவையில்லை. காலடித் தடம் கலையக் கூடாதென்று ராத்திரி இருவரும் சமையலறைப் பக்கமே போகவில்லை. மறுநாள் காலையில் அப்பா குளித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கதவைச் சாத்திவிட்டு விளக்கு வாங்கக் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாள். நல்ல வெயில் காலம் வேறு.

நண்பகலில் மைக்கும் அவளும் விளக்கோடு வந்து கதவு முன்னால் நின்றார்கள். சின்னவள் பையின் முன்பக்க அறையைத் துழாவினாள். பின்பக்க அறையைத் துழாவினாள். பையைக் கவிழ்த்தாள். அப்புறம் கவிழ்த்த பையைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"சாவி ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

மைக்கு முதலில் சிரித்தான். பிறகு அவனுக்கும் விளங்கியது. "அச்சச்சோ. பால் கீல் கெட்டுப் போயிருக்குமா?"

பாலாம், பால்! அந்த வியாழக்கிழமை விஷயம் அவனுக்குத் தெரியாது பாவம். "அப்பாகிட்ட சாவி வாங்கிட்டு வர்றேன்" என்று அவள் நடந்தாள். ஓடியிருக்கலாம். ஓடினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவாள், அதனால் நடந்தாள். பயமாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பயம் எங்கேயோ பக்கத்து வீட்டில் நடக்கிற சண்டை மாதிரி சத்தமாக மட்டும் கேட்டது.

அப்பா வேலை பார்ப்பது ஜன்னலுக்கும் கதவுக்கும் கண்ணாடி வெட்டித் தரும் கடையில். ஆளுயரக் கண்ணாடிகள் மரச்சட்டத்தில் சாய்ந்து வரிசையாக நிற்கும். நடுவில் கம்பளி விரித்த பெரிய மேசை. அப்பா ஒரு கண்ணாடியைக் கிடத்தி, நீளமான அடிக்கோலை ஒட்டி வெட்டும் கருவியை வைத்து இழுக்க ஆரம்பித்திருந்தார். கீறல் சத்தம் கிறீச்சென்று கேட்டது.

"அப்பா, சாவி வேணும்."

"உன் சாவி எங்க?" நிமிராமல் கேட்டார்.

வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் பண்ணி வைத்திருந்தாள், பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று. நல்ல பொய்தான். ஆனால் வாயில் வந்தது வேறு. "ஃப்ரிட்ஜ்லப்பா."

"நேத்து வச்சதா?"

"ம்."

"அப்ப..."

"மறந்துட்டேன்ப்பா. போடவே இல்ல."

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் கண்ணாடி சில்லுச் சில்லாக நொறுங்கியிருக்க வேண்டும். நொறுங்கவில்லை. அப்பா கீறலைக் கடைசி வரைக்கும் இழுத்து முடித்தார். கண்ணாடியை மேசை விளிம்புக்கு நகர்த்தி, இரண்டு கையாலும் ஒரு அமுக்கு அமுக்கினார். நூல் பிடித்த மாதிரி இரண்டாகப் பிரிந்தது. இரண்டையும் எடுத்துச் சட்டத்தில் சாய்த்து வைத்தார். கையுறையைக் கழற்றினார். பக்கத்தில் இருந்தவரிடம், "வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றார்.

தெருவில் பாதி வழியில் அப்பா சொன்னார். "காலையில பார்த்திருப்பேன். நீதான் தொடாதீங்கன்னு சொல்லியிருந்தியே."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. அதற்கு அவர் நாலு அறை விட்டிருக்கலாம், அவளுக்குக் கொஞ்சமாவது வலித்திருக்கும்.

கதவைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. ஃப்ரிட்ஜுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து, மாவோடு கலந்து, தரையெல்லாம் பசையாகக் கிடந்தது. அப்பாவின் காலடிகள் கரைந்துபோயிருந்தன. சே, ஷாட் ஒட்டாதே என்றுதான் சின்னவளுக்கு முதலில் தோன்றியது. தோன்றியதும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அப்பா பசையை மிதித்துக்கொண்டே போய் ஃப்ரீசரைத் திறந்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பிளாஸ்திரி மூடியிலிருந்து உரிந்து பக்கத்தில் கிடந்தது, எழுத்து கலங்கிப்போய். டப்பாவை இரண்டு கையாலும் எடுத்தார். லேசாகச் சாய்த்தார். உள்ளே தளும்பியது. இத்தனை மாசம் கல்லாக இருந்தது அது. மூடியைத் திறந்தார்.

கோழியும் உருளைக்கிழங்கும். அவ்வளவுதான், வாரத்தில் ஒருநாள் எப்போதும் வருவது. வாசனை மேலே வந்தது. டப்பாவில் இன்னும் குளிர்ச்சி இருந்தது.

"கெட்டுப் போகல" என்றார் அப்பா. மூடியை அழுத்தி மூடினார். சுவிட்சைப் போட்டார். ஃப்ரிட்ஜ் ஒரு உதறு உதறி இரைய ஆரம்பித்தது. துணியை எடுத்து ஃப்ரீசரின் உள்பக்கத்தைத் துடைத்தார், மெதுவாக, மூலை மூலையாக. பிறகு டப்பாவைக் கையில் எடுத்தார்.

திரும்ப வைக்கப் போகிறார். வைக்கட்டுமே என்று சின்னவளுக்கு இருந்தது. ராத்திரிக்குள் உறைந்துவிடும், நாளைக் காலையில் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போவார், ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

"அப்பா" என்றாள். "அம்மா திட்டுவாங்க."

அப்பா ஃப்ரீசர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"இளகினதைத் திரும்ப வைக்கக் கூடாதுன்னு..."

"தெரியும்" என்றார். பிறகு கதவை மூடினார். டப்பா அவர் கையிலேயே இருந்தது. "பிரெட் இருக்கா வீட்டுல?"

இல்லை. மைக்கு வாங்கி வர ஓடினான். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, அந்த ஒரு விஷயத்தில் அவன் வாய் பின்னால் நின்றது.

அப்பாவே அடுப்பைப் பற்றவைத்தார். நன்றாகக் கொதிக்கவிட்டார். மூன்று தட்டு வைத்தார். "நீயும் உட்காரு தம்பி" என்றார். மைக்கு முதல் வாயைப் போட்டுக்கொண்டு, "சூப்பரா இருக்கு அங்கிள்! யார் சமைச்சது?" என்றான்.

"இவங்கம்மா."

மைக்குவின் தாடை நின்றுவிட்டது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண் மட்டும் இப்படியும் அப்படியும் போனது.

"சாப்பிடு தம்பி. ஆறிடும்."

சின்னவள் ஒரு துண்டு பிரெட்டைத் தொட்டு வாயில் வைத்தாள். பெரிதாக ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தாள். கண் முட்டிக்கொண்டு வரும் என்று. ஒன்றும் நடக்கவில்லை. உருளைக்கிழங்கு கொஞ்சம் குழைந்திருந்தது. உப்பு பாதிதான் இருந்தது. அம்மா சமையல் அம்மா சமையல் மாதிரியே இருந்தது, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்கு முன்னால் அவருடைய கை தானாக மேசையின் குறுக்கே போனது. உப்பு டப்பாவை இழுத்தது. மூடியைத் திறந்தது.

டொக்.

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். ஃப்ரிட்ஜ் இரைந்துகொண்டிருந்தது. இரண்டு விரலால் உப்பை எடுத்துக்கொண்டு, தட்டுக்கு மேலே கையைப் பிடித்தபடி, காத்திருந்தார்.

இந்த இடத்தில் ஒரு வசனம் வர வேண்டும் என்று சின்னவளுக்குத் தெரியும். சொல்ல வேண்டியவள் இல்லை. நான் சொல்லட்டுமா என்று நினைத்தாள். இரண்டே வார்த்தை. உதடு வரைக்கும் வந்தது, குரல் வரவில்லை. மைக்கு தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

அப்பா விரலைத் திரும்ப டப்பாவுக்குள் விட்டு உப்பை உதிர்த்தார். மூடியை அழுத்தி மூடினார்.

"சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

பிறகு தரையைத் துடைத்து, புதிதாக மாவு சலித்து, அந்தக் கடைசி ஷாட்டையும் எடுத்தார்கள். அப்பா மறுபடியும் நடந்து வந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். விளக்கு எரிந்து அவர் முகத்தில் விழுந்தது. உள்ளே சாவிக்கொத்தைத் தவிர ஒன்றுமில்லை. மூன்று எண்ணுகிற வரைக்கும் பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தாள். அவர் அதற்கும் மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். கட் சொல்ல அவளுக்கு மறந்துபோனது. கடைசியில் மைக்குதான் மெதுவாக, "போதும் அங்கிள்" என்றான்.

சாயங்காலம் வழக்கம்போல் அக்கா போன் பண்ணினாள். பின்னால் டிவியும் அவள் குழந்தையும் போட்டி போட்டுக் கத்துவது கேட்டது.

"அப்பா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார்."

"என்ன சாப்பிட்டார்? இன்னிக்கும் கடைச் சாப்பாடா?"

"வியாழக்கிழமையை."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம். டிவி கேட்கவில்லை, குழந்தையும் கேட்கவில்லை.

"உப்பு போட்டுக்கிட்டாரா?" என்று கேட்டாள் அக்கா.

"டப்பாவைத் திறந்தார்" என்றாள் சின்னவள். "கையில எடுத்துக்கிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் போடாமலே மூடிட்டார்."

அக்கா அழ ஆரம்பித்தாள். சின்னவள் போனைத் தள்ளிப் பிடிக்கவில்லை. காதோடு அழுத்திக்கொண்டாள். சமையலறையில் அப்பா டப்பாவைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

"ஏய்" என்றாள் அக்கா திடீரென்று. "நீ அழறியா?"

"ம்" என்றாள் சின்னவள்.